பாடசாலைக்குப் பக்கத்தில் காணி: எதற்குக் காசு கொடுக்கிறோம்?

கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ காணி விற்பனை விளம்பரம் ஒன்றை எடுத்துப் பாருங்கள். நல்ல தண்ணீர்க் கிணறு, ஏ9 வீதிக்குக் கிட்ட, பிரபல பாடசாலைக்கு அருகில் என்று மூன்று விஷயம் பெரும்பாலும் இருக்கும். கிணற்றில் ஒரு வாளி அள்ளிக் குடித்துப் பார்க்கலாம். வீதிக்கு எவ்வளவு தூரம் என்று மோட்டார்சைக்கிளில் ஓடிப் பார்க்கலாம். மூன்றாவதைத்தான் அப்படிச் சோதிக்க முடியாது. அந்த ஒரு வரிக்காகத் தரகர் பரப்புக்கு (காணியை அளக்கும் அலகு) இரண்டு மூன்று லட்சம் கூடச் சொன்னால், கொடுக்கலாமா விடலாமா என்று எதை வைத்து முடிவெடுப்பது? முதல் தடவையாகக் காணி வாங்க யோசிக்கும் இளம் குடும்பங்களுக்கு இந்தக் கணக்கு விளங்க வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

விலைக்குள் பாடசாலை நுழையும் வழி

இலங்கையில் 1945 முதல் இலவசக் கல்வி. அரச பாடசாலையில் வகுப்புக் கட்டணம் கிடையாது. ஆனால் பெயர் எடுத்த பாடசாலையில் இடம் கொஞ்சம், கேட்டு வருகிறவர்கள் அதிகம். காசு வாங்கி இடம் கொடுக்க முடியாது என்றால் வேறு ஏதாவது ஒன்றை வைத்துத்தான் யாருக்கு இடம் என்று தீர்மானிக்க வேண்டும். 'கிட்ட இருக்கிறவருக்கு முதலிடம்' என்று விதி வைத்தால், பாடசாலைக்குக் கொடுக்காத காசு காணிக்குப் போகும். காணிக்காரர் அந்தப் பாடசாலைக்கு ஒரு கல்லும் எடுத்து வைத்திருக்கமாட்டார். அதிபரும் ஆசிரியர்களும் இருபது வருடம் பாடுபட்டுச் சேர்த்த பெயருக்கு, பக்கத்து வளவுக்காரர் விலை வாங்குகிறார். இதில் அநியாயம் இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்றுதான் சொல்வேன். ஆனால் சந்தை அப்படித்தான் நடக்கிறது.

இந்த மேலதிக விலையை அளப்பது லேசான வேலை இல்லை. பெயர் எடுத்த பாடசாலை பெரும்பாலும் நகரத்துக்குள் இருக்கும். அதே இடத்தில் ஆஸ்பத்திரி, வங்கி, சந்தை, பஸ் நிலையம் எல்லாம் இருக்கும். காணி விலை கூடியது பாடசாலையாலா, சந்தையாலா என்று எப்படிப் பிரித்துச் சொல்வது? 1999இல் வெளியான ஓர் ஆய்வில் அமெரிக்கப் பொருளியலாளர் சாண்ட்ரா பிளாக் இதற்கு ஒரு நல்ல வழி கண்டார். மசாசுசெட்ஸ் மாநிலத்தில், பொஸ்ரன் நகரத்தைச் சுற்றியுள்ள பகுதிகளில், எந்தத் தெருவுக்கு எந்த ஆரம்பப் பாடசாலை என்று கோடு கீறி வைத்திருக்கிறார்கள். அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கும் வீடுகளை மட்டும் அவர் ஒப்பிட்டார். இரண்டு பக்கத்துக்கும் கடை ஒன்று, வீதி ஒன்று, வரி ஒன்று. பிள்ளை போகும் பாடசாலை மட்டும் வேறு. பரீட்சைப் புள்ளி 5 வீதம் கூடின பாடசாலைப் பக்கத்தில் பெற்றோர் வீட்டுக்கு ஏறத்தாழ 2.5 வீதம் கூடக் கொடுக்கத் தயாராக இருந்தார்கள் என்பது அவருடைய முடிவு. கவனித்தால், விலை கூடுவது உண்மை, ஆனால் தரகர்கள் சொல்லும் அளவுக்குக் கூடவில்லை. நகரத்துக்குள் இருப்பதன் விலையைப் பாடசாலையின் கணக்கில் எழுதுவது அங்கேயும் நடந்த பிழை.

அந்த எண்ணை அப்படியே எடுத்து வந்து, கிளிநொச்சியும் வவுனியாவும் அடங்கும் வன்னியில் பொருத்தக்கூடாது. அங்கே கோட்டுக்கு உள்ளே வீடு இருந்தால் இடம் நிச்சயம். பாடசாலைச் செலவிலும் ஒரு பெரிய பங்கு அந்த ஊர் வீடுகளின் வரியிலிருந்தே வருகிறது. இங்கே செலவை அரசு பார்க்கிறது, கோடும் இல்லை. வீடு கிட்ட இருந்தால் வரிசையில் முன்னுக்கு நிற்கலாம், அவ்வளவுதான். இன்னொரு வித்தியாசமும் உண்டு. வன்னியில் வெற்று நிலத்துக்குப் பஞ்சமில்லை. கிராமத்துப் பாடசாலை ஒன்று நல்ல பெறுபேறு எடுத்தால், பக்கத்துக் காட்டை வெட்டித் துப்பரவாக்கி இன்னும் பத்து வீடு வரும். விலை பெரிதாக ஏறாது. விலை ஏறுவது உறுதிக் காணி (தனியார் பெயரில் உறுதிப்பத்திரம் உள்ள காணி) அருமையாக இருக்கும் நகரப் பக்கங்களில்தான். வவுனியாவில் குருமன்காடு, தனியார் கல்வி நிலையங்கள் நிறைந்த வைரவபுளியங்குளம், கிளிநொச்சியில் ஏ9 வீதியை ஒட்டிய பகுதிகள் போன்ற இடங்களில்தான் 'பாடசாலைக்கு அருகில்' என்ற சொல்லுக்கு விலை.

தரம் 1: 'கிட்ட' என்பதற்கு என்ன அர்த்தம்

வீடு எங்கே என்பது நேரடியாகப் பெறுமதி பெறுவது தரம் 1 அனுமதியில். கல்வி அமைச்சு வருடாவருடம் இதற்குச் சுற்றுநிருபம் வெளியிடும். நீண்ட காலமாக இருந்துவரும் பகிர்வு இது: பாடசாலைக்கு அண்மையில் வசிப்போரின் பிள்ளைகளுக்கு 50 வீதம், பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு 25, ஏற்கெனவே அங்கே படிக்கும் பிள்ளைகளின் சகோதரருக்கு 15, மிகுதி கல்வித்துறை ஊழியர், இடமாற்றம் பெற்று வந்த அரச உத்தியோகத்தர், வெளிநாட்டிலிருந்து திரும்பியோர் ஆகியோரின் பிள்ளைகளுக்கு. சதவீதம் அவ்வப்போது மாற்றப்படும், அதனால் உங்கள் பிள்ளை விண்ணப்பிக்கும் வருடத்துச் சுற்றுநிருபத்தைக் கையில் எடுத்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். ஆனால் அரைவாசி இடம் வதிவிடத்துக்கு என்பது நெடுநாளாக நிற்கிறது. காணி விலைக்குள் பாடசாலை நுழையும் கதவு இதுதான்.

பலர் தடுக்கி விழுவது 'அண்மை' என்ற இடத்தில். கிலோமீற்றர் கணக்கு மட்டும் பார்த்து, 'ஒன்றரைக் கிலோமீற்றர்தானே' என்று காணி வாங்கிவிடுவார்கள். நேர்முகப் பரீட்சையில் வேறு மாதிரிப் பார்ப்பார்கள். வரைபடத்தில் உங்கள் வீட்டை மையமாக வைத்து, நீங்கள் கேட்கும் பாடசாலை வரையான நேர்கோட்டுத் தூரத்தை ஆரையாக எடுத்து ஒரு வட்டம். அந்த வட்டத்துக்குள் உங்கள் பிள்ளை சேரக்கூடிய, ஆரம்பப் பிரிவு உள்ள வேறு அரச பாடசாலை எத்தனை இருக்கிறதோ, ஒவ்வொன்றுக்கும் புள்ளி வெட்டு. வட்டத்துக்குள் ஒன்றும் இல்லை என்றால் அண்மைக்கான புள்ளி முழுதாக வரும்.

இதை வன்னி நிலத்தில் வைத்துப் பாருங்கள். குடியேற்றத் திட்டங்களில் ஒவ்வொரு யூனிற்றுக்கும் ஒரு சின்னப் பாடசாலை, ஒவ்வொரு குளத்தடிக்கும் ஒன்று என்று சிதறிக் கிடக்கும். நகரத்திலிருந்து நாலு கிலோமீற்றர் தள்ளி, சுற்றிவர வேறு பாடசாலை இல்லாத வெளியில் இருக்கும் காணி, ஒன்றரைக் கிலோமீற்றரில் மூன்று சின்னப் பாடசாலைகளைத் தாண்டி இருக்கும் காணியைவிடக் கூடின புள்ளி எடுக்கலாம். தரகர் இதைச் சொல்லமாட்டார், அவருக்கே தெரிந்திருக்காது. முற்பணம் கொடுக்க முதல் ஒருநாள் கைத்தொலைபேசியில் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்து அந்த வட்டத்தை நீங்களே கீறிப் பாருங்கள். சின்னப் பாடசாலைகள் சில வரைபடத்தில் விழாது, ஆகவே வலயக் கல்விப் பணிமனையில் பாடசாலைப் பட்டியலையும் கேளுங்கள்.

அடுத்தது காலம். வசிப்பிடத்தை நிரூபிக்க முக்கியமாகப் பார்ப்பது வாக்காளர் இடாப்பு. விண்ணப்பத்துக்கு முந்திய ஐந்து வருடங்களில் தாய், தகப்பன் இருவரின் பெயரும் அந்த விலாசத்தில் பதிந்திருந்தால்தான் அதற்கான முழுப்புள்ளி. பிள்ளைக்கு ஜனவரி 31 அன்று ஐந்து வயது பூர்த்தியாக வேண்டும், விண்ணப்பம் அதற்கு முந்திய வருட நடுப்பகுதியில் போகும். கூட்டிக் கழித்துப் பார்த்தால், பிள்ளை பிறக்கும் காலத்திலேயே நீங்கள் அந்த வீட்டில் இருந்திருக்க வேண்டும். பிள்ளைக்கு நாலு வயது வந்த பிறகு அவதிப்பட்டு வாங்கிய காணி, தரம் 1 அனுமதிக்குப் பெரிய உதவி செய்யாது. கலியாணம் கட்டிய கையோடு பாடசாலையைப் பற்றி யோசிப்பது சிலருக்குச் சிரிப்பாக இருக்கும். விதி அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

சொந்தக்காரர் வீட்டு விலாசத்தில் பெயரைப் பதிந்துவிட்டு வேறு இடத்தில் இருப்பவர்களும் உண்டு. பாடசாலையிலிருந்து வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள். கொடியில் காயும் உடுப்பு, குசினி, பிள்ளையின் படுக்கை வரை கண்ணில் படும். பக்கத்து வீட்டிலும் விசாரிப்பார்கள். மாட்டுப்பட்டால் இடம் போய்விடும்.

'நல்ல பாடசாலை' என்று எதைச் சொல்கிறோம்

புலமைப்பரிசில் பெறுபேறு வந்த கிழமை பாடசாலை மதிலில் பதாகை தொங்கும். சாதாரண தரத்தில் 9ஏ, அதாவது ஒன்பது பாடத்திலும் ஏ, எடுத்தவர்களின் படம் இன்னொன்று. ஊர் பாடசாலைக்குக் கொடுக்கும் பெயர் பெரும்பாலும் அந்தப் பதாகையிலிருந்து பிறக்கிறது. அந்தப் பதாகையை இரண்டு கேள்வியோடு வாசிக்கப் பழக வேண்டும்.

முதலாவது: இந்தப் பிள்ளைகள் எங்கிருந்து வந்தவர்கள்? தரம் 5 புலமைப்பரிசிலில் கூடின புள்ளி எடுத்தவர்கள் தரம் 6க்குப் பெரிய பாடசாலைகளுக்குப் போய்விடுவார்கள். மாவட்டத்தின் கெட்டிக்காரப் பிள்ளைகளையெல்லாம் ஒரு வகுப்பில் இருத்தினால் ஆறு வருடம் கழித்து 9ஏ வருவதில் ஆச்சரியம் என்ன? கிராமத்துப் பாடசாலை ஒன்று, கையில் மிஞ்சிய பிள்ளைகளை வைத்துக்கொண்டு அரைவாசிப் பேரைக் கணிதத்தில் சித்தியடைய வைத்தால் அங்கே நடக்கும் கற்பித்தல் அதைவிட உயர்வாக இருக்கலாம். அதற்குப் பதாகை கட்டமாட்டார்கள். உள்ளே வந்த பிள்ளைகளும் வெளியே போன பிள்ளைகளும் எவ்வளவு மாறியிருக்கிறார்கள் என்பதே அளவுகோல். ஊர்ப்பேச்சு வெளியே போனவர்களை மட்டும் எண்ணும்.

இரண்டாவது: இதில் ரியூசனுக்கு எவ்வளவு பங்கு? பின்னேரம் முழுக்கத் தனியார் கல்வி நிலையத்தில் இருக்கும் பிள்ளையின் பெறுபேற்றைப் பாடசாலை தன் கணக்கில் போட்டுக்கொள்ளும். அப்படியானால் நீங்கள் வாங்க வேண்டியது பாடசாலைக்குக் கிட்ட உள்ள காணியா, ரியூசனுக்குக் கிட்ட உள்ள காணியா? பகிடிக்குக் கேட்கவில்லை. வைரவபுளியங்குளம் பக்கம் வீடு தேடும் சில பெற்றோர் இந்தக் கணக்கைத்தான் போடுகிறார்கள்.

எல்லாவற்றையும்விட வன்னியில் முக்கியமானது ஆசிரியர். இங்குள்ள பல பாடசாலைகள் கஷ்டப் பிரதேசம், அதிகஷ்டப் பிரதேசம் என்று வகைப்படுத்தப்பட்டவை. யாழ்ப்பாணத்தில் வீட்டை வைத்துக்கொண்டு விடிய வெள்ளனப் புறப்பட்டு, கண்டி வீதியால் (ஏ9) பஸ்ஸிலும், 2013இல் கிளிநொச்சிக்கு மீண்டும் ரயில் வந்த பிறகு ரயிலிலும் வந்து படிப்பிப்பவர்கள் பலர். கட்டாய சேவைக்காலம் முடிந்ததும் ஊருக்கு இடமாற்றம் கேட்பார்கள்; கேட்பது அவர்களுடைய உரிமை. ஆனால் கணித ஆசிரியர் ஒருவர் போனால் அந்த இடம் மாதக்கணக்கில் வெறுமையாகக் கிடக்கும். நீங்கள் காணி வாங்கும்போது இருந்த பாடசாலை, பிள்ளை தரம் 9க்கு வரும்போது அதே கட்டடம், அதே பெயர், வேறு ஆசிரியர்கள். காணி நகராது, அதைப் பெறுமதியாக்கிய ஆட்கள் நகர்ந்துவிடுவார்கள். பாடசாலைத் தரத்தை நம்பிக் காணிக்குக் கூடின விலை கொடுப்பதில் உள்ள பெரிய ஆபத்து இது. பட்டணங்களைவிட வன்னியில் இது கூட.

ஆகவே பாடசாலைக்கு ஒருக்கால் நேரில் போங்கள். கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் மூன்றுக்கும் நிரந்தர ஆசிரியர் இருக்கிறார்களா, அவர்களில் எத்தனை பேர் மாவட்டத்துக்குள்ளேயே வீடு உள்ளவர்கள் என்று விசாரியுங்கள். உள்ளூரில் குடியிருக்கும் ஆசிரியர்கள் கூடின பாடசாலை, பதாகை கூடின பாடசாலையைவிட நிலையாக நிற்கும் என்பது என் எண்ணம். அதிபர் எவ்வளவு காலமாக இருக்கிறார், பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குப் பெற்றோர் வருகிறார்களா என்பதும் அரைமணி நேரத்தில் தெரிந்துவிடும். இடைவேளை நேரத்தில் போனால் இன்னும் நல்லது. ஆசிரியர் இல்லாத வகுப்பு எது என்று மணி அடித்த பிறகு சத்தத்திலேயே விளங்கும்.

பாடசாலையின் வகையையும் கேட்க வேண்டும். 1ஏபி என்றால் உயர்தரத்தில் விஞ்ஞான, கணிதப் பிரிவுகள் வரை உண்டு. 1சி என்றால் உயர்தரம் உண்டு, ஆனால் கலையும் வர்த்தகமும்தான். வகை 2 தரம் 11ஓடு நிற்கும். வகை 3 ஆரம்ப வகுப்புகளுக்கானது.

பிள்ளைக்கு எத்தனை வயது?

ஒரே காணிக்கு இரண்டு குடும்பம் வெவ்வேறு விலை மதிக்கலாம், இரண்டும் சரியாக இருக்கலாம். கைக்குழந்தை உள்ளவர்களுக்கு தரம் 1 கதவு திறந்திருக்கிறது. அவர்களுக்கு அண்மை பெறுமதியானது. பிள்ளை தரம் 3இல் இருந்தால் அடுத்த கதவு புலமைப்பரிசில். அது வீட்டைப் பார்க்காது, வெட்டுப்புள்ளியைப் பார்க்கும். இலவசக் கல்வியைக் கொண்டுவந்த கல்வி அமைச்சர் கன்னங்கரா காலத்தில் கிராமத்துப் பிள்ளைகள் மத்திய கல்லூரிகளுக்குப் போக வேண்டும் என்று இந்த வழி திறக்கப்பட்டதே அதற்காகத்தான்: எந்தக் குடிசையில் பிறந்தாலும் படிப்பு தடைப்படக்கூடாது. உயர்தரத்துக்குச் சாதாரண தரப் பெறுபேற்றோடு வேறு பாடசாலைக்கு மாறலாம். அந்த வயதில் பஸ்ஸில் போவார்கள், விடுதியில் நிற்பார்கள், பெரியம்மா வீட்டிலும் நிற்பார்கள்.

உயர்தரம் என்று வரும்போது இன்னொரு கணக்கும் உண்டு. 'நல்ல பாடசாலை' என்று சொல்லி வன்னியை விட்டு யாழ்ப்பாணத்தில் வீடு வாங்க நினைப்பவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். மருத்துவம், பொறியியல் போன்ற பாடநெறிகளுக்குப் பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாக. வவுனியா, மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி நான்கும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் உள்ளன. யாழ்ப்பாணமும் அதில் உண்டு, ஆனால் பெரும்பாலான வருடங்களில் முல்லைத்தீவின் வெட்டுப்புள்ளி யாழ்ப்பாணத்தைவிடக் கீழே நிற்கும். மாவட்டத்தைத் தீர்மானிப்பது நீங்கள் எங்கே காணி வைத்திருக்கிறீர்கள் என்பதல்ல, உயர்தரப் பரீட்சைக்கு முந்திய வருடங்களில் பிள்ளை எந்த மாவட்டப் பாடசாலையில் படித்தது என்பது. முல்லைத்தீவு மாவட்டத்தில் வித்தியானந்தாக் கல்லூரியிலோ புதுக்குடியிருப்பிலோ நன்றாகப் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளையை யாழ்ப்பாணத்துக்கு இழுத்துப்போவதால் பெறுவது கூடவா, இழப்பது கூடவா என்று இருந்து யோசிக்க வேண்டும்.

ஒரு கணக்கு

விலைகளை நான் விளக்கத்துக்காக வைக்கிறேன், உங்கள் பக்கத்து விலையைப் போட்டுப் பாருங்கள். பாடசாலைக்கு அருகே பரப்பு 20 லட்சம், எட்டுக் கிலோமீற்றர் தள்ளி 6 லட்சம். இரண்டு பரப்பு வாங்கினால் 40 லட்சமும் 12 லட்சமும். வித்தியாசம் 28 லட்சம். அந்த 28 லட்சத்தை 8 வீத வட்டிக்கு வங்கியில் போட்டால் வருடம் 2,24,000 ரூபா, மாதம் 18,600க்கு மேல். இரண்டு பிள்ளைகளுக்குப் பாடசாலை வான் மாதம் 12,000 என்றால் தள்ளி இருப்பதே லாபம் போலத் தெரியும்.

ஆனால் வான் காசோடு கணக்கு முடியாது. பிள்ளை விடிய ஐந்தரைக்கு எழும்ப வேண்டும். ரியூசன் முடிந்து இருட்டில் வரும் பெண்பிள்ளைக்கு யாராவது எதிர்கொண்டு போக வேண்டும். யானை நடமாடும் பக்கங்களில் அந்திக்குப் பிறகு மோட்டார்சைக்கிளில் போவதே பயம். மறுபக்கம், கிட்ட வாங்கிய காணிக்குக் கொடுத்த காசு கரைந்துபோவதில்லை, பிள்ளைகள் படித்து முடித்ததும் அடுத்த இளம் குடும்பத்துக்கு விற்கலாம். அதுவும் பாடசாலை தன் பெயரைக் காப்பாற்றினால்தான்.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழியைப் பலர் யோசிப்பதே இல்லை: தள்ளிக் காணியை வாங்கி வைத்துவிட்டு, பிள்ளைகள் சின்னவர்களாக இருக்கும் வருடங்களில் பாடசாலைக்குக் கிட்ட வாடகைக்கு இருப்பது. பதிவு செய்த குத்தகை உடன்படிக்கைக்கும் தரம் 1 அனுமதியில் புள்ளி உண்டு, சொந்த உறுதிக்கு வருவதைவிடக் குறைவு.

எந்தப் பத்திரம்?

வன்னியில் பெரும்பகுதி நிலம் அரச நிலம். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் குடியேற்றவாசிகளுக்குக் கொடுத்த அனுமதிப்பத்திரக் காணிகளும் அளிப்புக் காணிகளும் (அரசு அளிப்புப் பத்திரம் எழுதிக் கொடுத்தவை) பாடசாலைகளைச் சுற்றியும் நிறைய உண்டு. போருக்குள் பத்திரம் தொலைத்தவர்களும், உரிமையாளர் வெளிநாட்டில் இருக்க இங்கே ஒருவர் பார்த்துக்கொள்ளும் வளவுகளும் கூடவே. அனுமதிப்பத்திரக் காணியைப் பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் கைமாற்ற முடியாது. சமாதான நீதவான் முன்னால் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வைத்து விலை பேசிக்கொள்வது ஊரில் நடக்கிறது. சட்டத்தில் அதற்குப் பெறுமதி இல்லை.

பாடசாலைக்காகக் காணி வாங்குகிறவருக்கு இதில் இரட்டை இடி. தரம் 1 நேர்முகத்தில் வதிவிட ஆவணத்துக்கு முழுப்புள்ளி வருவது அது விண்ணப்பதாரியின் அல்லது அவருடைய துணையின் பெயரில் இருந்தால். வெறும் தாளில் வாங்கிய காணியில் பெயர் பழைய ஆளுடையது. 28 லட்சம் கூடக் கொடுத்து அண்மையில் குடியிருந்தும், காணியும் உங்களுடையதல்ல, ஆவணப் புள்ளியும் இல்லை. உறுதிக் காணி என்றால் காணிப் பதிவகத்தில் பதிவுப் பிரதி எடுத்து நொத்தாரிசிடம் காட்டுங்கள். அனுமதிப்பத்திரம் என்றால் பிரதேச செயலகத்தின் காணிக் கிளைக்குப் போய், அந்த இலக்கத்தில் யாருடைய பெயர் இருக்கிறது, மாற்றிக் கொடுப்பார்களா என்று கேட்டு, எழுத்தில் பதில் வந்த பிறகு முற்பணத்தைப் பற்றிப் பேசலாம்.